கல்யாண வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது

என் கல்யாணத்தன்று காலை அம்மா எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்.

"இன்னைக்கு ஒரு நாளாவது லோரிக்காரன் மாதிரி பேசாம இரு யூன் கியாவ். மாமியாருக்குச் சடங்குத் தேத்தண்ணி குடுத்து முடிக்கிற வரைக்கும் வாயத் திறக்காத. தலையக் குனிஞ்சு சிரிச்சுக்கிட்டு உட்காரு, போதும்."

அம்மா பயந்ததில் தப்பில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து அப்பாவின் பிக்கப்பை ஓட்டுகிறவள் நான். கேமரன் மலையில் எங்கள் தோட்டத்து முட்டைக்கோஸை ஏற்றிக்கொண்டு திரிங்காப்புச் சந்தைக்கு ஒரு நாளைக்கு நாலு நடை. சரக்கு ஏற்றுகிற இடத்தில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. பேசினால் நம் கூடை அடுத்தவன் லோரியில் ஏறிவிடும். அப்படிப் பழகிய வாயை வைத்துக்கொண்டு மகள் இன்னொரு வீட்டில் எப்படிக் காலம் தள்ளப்போகிறாள் என்பது அம்மாவின் கவலை.

என் கவலை வேறு. எனக்கு வாய்க்கப்போகும் மாமியாரைப் பற்றியது.

மாப்பிள்ளை தியாம் சோய் நல்லவன். பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை, அதிர்ந்து பேசமாட்டான், சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டத் தெரியாது. ஆனால் அவன் அம்மா பிரிஞ்சாங்கில் வாளியும் கயிறும் உரமும் விற்கும் கடையை முப்பது வருஷமாக ஒற்றை ஆளாக நடத்துகிறவள். என்னை மூன்று முறை பார்த்திருக்கிறாள். மூன்று முறையும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். காய்த்துப்போன கை. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பதில் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அந்த வீட்டுக்கு ஒரு பழைய காயமும் இருந்தது. தியாம் சோயின் அண்ணன் கல்யாணத்தில், பெண்ணை அழைத்து வந்த கார் ஒரு சந்தில் தப்பாக நுழைந்து, பின்னால் எடுத்து, திரும்பி வந்ததாம். கல்யாண வண்டி பின்னால் போகக் கூடாது என்பது எங்கள் சீன ஆட்களில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பின்னால் போனால் பெண்ணும் ஒரு நாள் தாய் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்பார்கள். அந்த அண்ணி இரண்டாம் வருஷமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அண்ணன் குடித்தது காரணமா, கார் பின்னால் போனது காரணமா என்று என்னைக் கேட்டால் நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஆனால் என்னை யார் கேட்டார்கள்? என் மாமியாருக்குக் கார்தான் காரணம்.

அதனால் எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு கட்டளை போட்டிருந்தாள். பதினோரு மணிக்குள் பெண் வந்து மாப்பிள்ளை வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். அதற்கு மேல் நேரம் மகனுடைய ராசிக்கு ஆகாதாம். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகக் கூடாது. இரண்டும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, தியாம் சோயின் அத்தையையும் கூடவே அனுப்பிவைத்திருந்தாள். அவரை எல்லாரும் ஆ கூ என்று கூப்பிடுவார்கள். அறுபது வயது, முழு வட்டக் கண்ணாடி, மடியில் ஒரு கைப்பை. அந்தக் கண்ணாடிக்கு எதுவும் தப்பாது.

முந்தின நாள் ராத்திரி முழுக்க மழை. ஈப்போவிலிருந்து வாடகைக்கு வந்த வெள்ளைக் கார் எங்கள் தோட்டத்து மண்பாதையைப் பார்த்ததும் கீழே தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளையும் நண்பர்களும் பளபளப்பான சப்பாத்தைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு, கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். என் தோழிகள் எங்கள் வழக்கப்படி அவர்களை அந்தச் சேற்றுக் காலோடேயே வாசலில் நிறுத்தி வைத்து, பச்சைப் பாகற்காய் தின்ன வைத்து, தண்டால் எடுக்க வைத்து, பாட்டுப் பாட வைத்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள். நாலு பேரில் மூன்று பேர் பேங்கில் வேலை. பத்துத் தண்டாலுக்கே நாக்கு வெளியே வந்துவிட்டது.

"இவங்கள வச்சுக்கிட்டு ஒரு கூடை கீரை தூக்க முடியுமாடி?" என்று லாய் பெங் கத்தியது உள்ளே எனக்குக் கேட்டது. லாய் பெங் என் உயிர்த் தோழி. பக்கத்துத் தோட்டத்தில் அறுபது கிலோ மூட்டையைத் தனியாகத் தூக்குகிறவள்.

வெள்ளைக் கார் ஏறாது என்று ஆனதும் அப்பா எங்கள் பிக்கப்பைக் கழுவினார். முன்னால் சிவப்பு ரிப்பன் கட்டி, கூரைமேல் இலையோடு இரண்டு முழுக் கரும்பைச் சேர்த்துக் கட்டி, பின்தட்டில் சீர்ப் பெட்டிகளை ஏற்றினார்கள். வழிகாட்டிக் கோழிகள் இரண்டும் கூடையில் ஏறின. பெண்ணோடு ஒரு சேவலும் ஒரு பெட்டையும் போனால்தான் குடும்பம் விருத்தியாகும். வழி நடுவே வண்டி மாறுவது ஆகாது என்று ஆ கூ சொல்லிவிட்டதால், பிரிஞ்சாங் வரைக்கும் இதே வண்டிதான் என்று முடிவானது. வெள்ளைக் கார் சும்மாவே முன்னால் போய்விட்டது.

ஓட்டுவது யார்? மாப்பிள்ளை வீட்டு ஆள்தான் ஓட்ட வேண்டும். தியாம் சோயின் சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான். வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. குண்டாக இருப்பதால் ஆ ஃபெய். ஊரில் சின்னக் கார் ஓட்டுகிறவன். அப்பா அவனுக்குப் பக்கத்தில் நின்று, பெரிய கியருக்கு அருகில் இருக்கும் சின்னக் கம்பியைத் தானே தள்ளிப் போட்டார்.

"இப்ப நாலு சக்கரமும் இழுக்கும். சேத்துல பயப்படாம இறங்கு. தார் ரோடு வந்ததும் நிறுத்தி இந்தக் கம்பிய மறக்காம ரெண்டு சக்கரத்துக்கு மாத்திடு. தார்ல நாலு சக்கரத்துல ஓட்டாத, புரியுதா?"

"சரி மாமா, சரி மாமா" என்றான் ஆ ஃபெய். அந்த 'சரி மாமா'வைக் கேட்டபோதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

பெண்ணின் அப்பா அம்மா கூட வருவது வழக்கமில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா வண்டியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார், என்னைவிட வண்டியைப் பிரிவதுதான் அவருக்குக் கஷ்டம்போல. சிவப்புக் குடை பிடித்து என்னைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். இனி மாப்பிள்ளை வீட்டு வாசல் வரைக்கும் என் கால் தரையில் படக் கூடாது. என் பக்கத்தில் தியாம் சோய். முன்னால் ஆ ஃபெய்யும் ஆ கூவும். பின்தட்டில் என் தோழிகள் ஆறு பேர், மாப்பிள்ளைத் தோழர்கள் நாலு பேர், கோழிகள். மணி பத்தே கால்.

சேற்றில் வண்டி அழகாக இறங்கியது. அதில் ஆ ஃபெய்யின் பெருமை ஒன்றுமில்லை, அந்த வண்டிக்கு அந்தப் பாதை மனப்பாடம். தார் ரோடு வந்த இடத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் எங்களுக்காகப் பட்டாசு வெடித்தார்கள். எல்லாரும் கை தட்டினோம். ஆ ஃபெய்யும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கை தட்டினான். தட்டிவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போனான்.

கம்பியை மாற்றவில்லை.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். முதல் வளைவில் டயர் கிறீச்சென்றது. இரண்டாம் வளைவில் ஸ்டீயரிங் திரும்ப மறுத்தது. ஆ ஃபெய் இரண்டு கையாலும் கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி இழுத்தான். மூன்றாம் வளைவில் வண்டி மொத்தமும் தவ்வியது. பின்தட்டில் கோழிகளும் பேங்க்காரர்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"உங்க வீட்டு வண்டி எப்பவும் இப்படித்தான் குதிக்குமா?" என்று ஆ கூ திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

வாயைத் திறக்காமல் சிரித்தேன். உள்ளே எரிந்தது. அந்த வண்டியை நான் ஏழு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். நாலு சக்கரமும் ஒன்றாகப் பூட்டியிருக்கும்போது, வளைவில் முன் சக்கரம் போக வேண்டிய தூரம் வேறு, பின் சக்கரம் போக வேண்டிய தூரம் வேறு. சேற்றில் சக்கரம் வழுக்கிக்கொண்டு அந்தக் கணக்கைச் சரிசெய்துவிடும். தாரில் வழுக்காது. ஒவ்வொரு வளைவிலும் அடியில் இரும்பு முறுக்கிக்கொண்டே போகும். நம் கேமரன் மலையில் வளைவுக்குப் பஞ்சமா?

ஐந்தாம் வளைவு தாண்டியபோது கீழே ஊசி வளைவு தெரிந்தது. அதை நான் தினமும் எடுக்கிறேன். இரண்டு சக்கரத்தில் ஓட்டினால் ஒரே வீச்சில் திரும்பலாம். நாலு சக்கரத்தில் ஒரே வீச்சில் திரும்பவே திரும்பாது. பாதி திரும்பி, பாறையில் முட்டப் போய், ஒரு தடவை பின்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

என் கல்யாண வண்டி பின்னால் போகப்போகிறது. ஆ கூ பார்க்கப்போகிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கஞ்சி அடிப்பிடித்தாலும், கடையில் எலி புகுந்தாலும், தியாம் சோய்க்குச் சளி பிடித்தாலும், எல்லாம் என் வண்டியால்தான். ஆயுசுக்கும் என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், எப்போது தூக்குவேன் என்று.

"நிறுத்துடா குண்டா!" என்றேன்.

வண்டி நின்றது. ஆ கூவின் தலை மெல்லத் திரும்பியது. தியாம் சோய் என் முகத்தைப் பார்த்தான். போனது சத்தியம். இனிமேல் என்ன?

"ஆ ஃபெய், அந்தச் சின்னக் கம்பிய ரெண்டு சக்கரத்துக்கு மாத்து. கிளச்ச அமுக்கிட்டு மாத்து."

"அட ஆமா! மாமா சொன்னாரே!" அவன் கம்பியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது, கம்பி அசையவில்லை. "இது செத்துப்போச்சு அண்ணி."

"செத்துப் போகல. முறுக்கிக்கிட்டு இருக்கு. அடியில இரும்பு இறுகிப்போனா பல்லு விடாது. நீ ஒடச்சிடாத, எங்கப்பா ஒன்ன ஒடச்சிடுவாரு."

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து மோட்டார் சைக்கிளில் கீரைக் கட்டோடு சின்னப்பன் அண்ணன் வந்தார். தேயிலைத் தோட்டத்தை விட்டுவிட்டுக் கீரை வியாபாரத்துக்கு வந்த தமிழர். எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். நிறுத்தி, குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"ஃபோர் வீல் மாட்டிக்கிச்சா? இதுக்கா இப்படி முழிக்கிறீங்க? ரெண்டடி பின்னால எடு, தானா விட்டுரும்!"

"ஐயையோ!" என்று பின்தட்டிலிருந்து பத்துப் பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். ஆ கூ மூன்று முறை ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

சின்னப்பன் அண்ணன் அப்போதுதான் ரிப்பனையும் கரும்பையும் பார்த்தார். "அட, கல்யாணமா! மறந்துட்டேன், மன்னிச்சுக்க தங்கச்சி. நான் பிரிஞ்சாங்தான் போறேன், வண்டி மாட்டிக்கிச்சுன்னு ஒங்க மாமியார்கிட்டச் சொல்லிடுறேன்!" என்று சொல்லிவிட்டு, நான் வேண்டாம் என்று கத்துவதற்குள் பறந்துவிட்டார்.

அவர் சொன்னது சரியான வைத்தியம்தான். அதுதான் கொடுமை. பின்னால் இரண்டடி எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து கம்பி வெண்ணெய் மாதிரி நழுவி வரும். ரோட்டோரம் மண் இருந்தால் இரண்டு சக்கரத்தை அதில் இறக்கி முன்னால் போனாலும் அவிழும். ஆனால் அங்கே ஒரு பக்கம் சிமெண்டுக் கால்வாய், மறு பக்கம் பள்ளம்.

"வேற வழியே இல்லையா?" என்று தியாம் சோய் மெதுவாகக் கேட்டான்.

"இருக்கு. ஒரு சக்கரத்தத் தரையிலேருந்து தூக்கிட்டாப் போதும். அந்தரத்துல அது சுத்தி முறுக்கு விட்டுரும். ஜாக்கி வேணும்."

"ஜாக்கி எங்க?"

"எங்கப்பா தோட்டத்துல பிளாஸ்டிக் கூரைத் தூணுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்காரு."

மணி பத்தே முக்காலுக்கு ஐந்து நிமிஷம். ஆ கூ கைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தார்.

"கையால தூக்குங்க," என்றேன். "பின் சக்கரம்தான் லேசு. எல்லாரும் எறங்கி, பெட்டிங்களயும் இறக்குங்க."

மாப்பிள்ளைத் தோழர்கள் நாலு பேரும் கோட்டைக் கழற்றினார்கள். பெண்கள் பார்க்கிறார்களே என்று ஒருத்தன் சட்டைக் கையை வேறு மடித்துவிட்டுக்கொண்டான். ஒன்று, இரண்டு, மூன்று! வண்டி கொஞ்சம் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். இன்னொரு முறை. ஒருத்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கால்வாய் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"காலைல பத்துத் தண்டால் எடுத்ததே ஜாஸ்தி" என்றாள் லாய் பெங். "தள்ளுங்கடா பேங்க்கு. கை அழுக்காகும், அந்தப் பக்கம் போய்க் கோழியப் பிடிச்சுக்கங்க."

ஆறு பேரும் கவுனை இடுப்பில் சொருகிக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே நிறத்தில், இளஞ்சிவப்பு. தைத்தவள் பார்த்திருந்தால் அழுதிருப்பாள். தியாம் சோயும் இறங்கிப்போய் அவர்களோடு நின்றுகொண்டான். அதைப் பார்த்ததும் எனக்கு அவன்மேல் அப்படி ஓர் ஆசை வந்தது.

ஆனால் ஆ ஃபெய் இன்னும் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் நூறு கிலோ.

"நீ உள்ள இருந்தா எப்படிடா தூக்குறது? எறங்கு!"

"அப்ப கம்பிய யாரு மாத்துறது?"

நல்ல கேள்வி. சக்கரம் சுற்றுகிற அந்த நொடியில் கை அங்கே இருக்க வேண்டும். எப்போது இழுக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆ கூவைப் பார்த்தேன்.

"பொண்ணு தரையில கால் வைக்கக் கூடாது" என்றார் ஆ கூ.

"வைக்கல ஆ கூ. சீட்டுக்கு நடுவுல பூந்து வந்துடுறேன்."

"பொண்ணு எடம் மாறலாமா?"

"பின் சீட்டுலேருந்து முன் சீட்டுக்குத்தானே வர்றேன்? முன்னாலதானே போறேன்?"

ஆ கூ யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இந்த மாதிரி வழக்கு அவர் வாழ்க்கையில் வந்ததில்லை.

"முன்னால போறது தப்பில்ல" என்றார் கடைசியில்.

இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை விட்டேன். தலையில் இருந்த பூ கூரையில் மாட்டியது. கவுன் என்னோடு வர மறுத்தது. ஆ கூ ஒரு கையால் அதை அள்ளி, மறு கையால் என்னைத் தள்ளினார். கவுன் மொத்தமும் ஸ்டீயரிங்மேல் நுரை மாதிரி பொங்கிவிட்டது. முன் சக்கரங்களுக்கு முன்னால் பெரிய கல்லாகப் பார்த்து வைக்கச் சொன்னேன். ஹேண்ட் பிரேக்கை விட்டேன். கிளச்சை அமுக்கினேன். கம்பியைப் பிடித்தேன், இழுக்கவில்லை, சும்மா பிடித்திருந்தேன். உள்ளே இறுக்கம் விரலுக்குத் தெரிந்தது.

"ம், தூக்குங்கடி!"

"முட்டைக்கோஸ்!" என்றாள் லாய் பெங். தோட்டத்தில் மூட்டை தூக்கும்போது எல்லாரும் கத்துவது அதுதான். "முட்டை... கோஸ்!"

பின்பக்கம் எழுந்தது. சாய்ந்தது. அடியில் டங் என்று ஒரு சத்தம், யாரோ சட்டியை எறிந்த மாதிரி. என் விரலில் இருந்த இறுக்கம் அப்படியே காணாமல் போனது. கம்பி தானாக வந்தது.

"விட்டுருச்சு! விட்டுருச்சு!"

பிரேக்கை அமுக்கினேன். வெளியே கூச்சல். லாய் பெங் ஒரு பேங்க்காரனைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் மறுக்கவில்லை. அவர்களுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், ஆனால் அது வேறு கதை.

ஆ ஃபெய் கதவைத் திறந்தான். "சரி அண்ணி, நீங்க பின்னால போங்க, நான்..."

"எங்க போறது?" என்றார் ஆ கூ.

ஆ ஃபெய் பின் சீட்டைக் காட்டினான்.

"தரையில எறங்கக் கூடாது. பின் சீட்டுக்குப் போனா அது பின்னால போறது. முன்னால வந்த பொண்ணு பின்னால போகலாமா?" ஆ கூ கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிரிப்பு ஓடியதை நான் சத்தியமாகப் பார்த்தேன். "ஆ ஃபெய், நீ போயி கோழியோட உட்காரு. நீ ஓட்டுனதுல என் இடுப்பே எடம் மாறிடுச்சு."

பெட்டிகளை ஏற்றி, சக்கரத்துக்கு முன்னால் வைத்த கல்லை எடுத்தார்கள். இப்படித்தான் என் கல்யாண வண்டியை நானே ஓட்டினேன்.

ஊசி வளைவை ஒரே வீச்சில் எடுத்தேன். டயர் முனகக்கூட இல்லை. ஆ கூ அந்த வளைவைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். காய்த்துப்போன அதே கை, சிவப்பு நகப்பூச்சோடு. பின் சீட்டில் மாப்பிள்ளை தனியாக, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் பல்லைக் காட்டினான். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பிரிஞ்சாங் எல்லை வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு. கடைத்தெரு தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கு முன்னால், நான் எப்படிப் போய் இறங்குவேன்?

மணி பத்து ஐம்பத்தாறு. வீட்டுக்கு முன்னால் கூட்டம். வாசற்படியிலிருந்து ரோடு வரைக்கும் சிவப்புக் கம்பளம். அதன் முனையில் மாமியார், மெரூன் பட்டில், குள்ளமாக, விறைப்பாக. சற்றுத் தள்ளிக் கீரைக் கட்டோடு சின்னப்பன் அண்ணன். அவர் முகமே சொன்னது, எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது என்று.

பிரேக்கில் காலை வைத்தேன். புதுச் செருப்பு, சாட்டின், பூ வேலை. அந்தச் செருப்பில் ஒரு நாளும் வண்டி ஓட்டியதில்லை. கால் வழுக்கியது. மறுபடி அமுக்கி நிறுத்துவதற்குள் கம்பளத்தையும் மாமியாரையும் தாண்டிப் பத்தடி போய்விட்டேன்.

ஏழு வருஷப் பழக்கம். தாண்டிவிட்டால் கை எங்கே போகும்? ரிவர்ஸுக்குத்தான் போனது.

"வேண்டாம்!" என்று தெருவே கத்தியது. ஆ கூ என் கைமேல் கைப்பையால் ஒரு போடு போட்டார்.

கையை எடுத்துவிட்டேன். எஞ்சினையும் அணைத்துவிட்டேன். அவ்வளவுதான் என்று தோன்றியது. முன்னால் போய்ச் சுற்றி வர வேண்டுமென்றால் சந்தையைச் சுற்ற வேண்டும், கால் மணி நேரம். பின்னால் எடுக்க முடியாது. தரையில் கால் வைக்க முடியாது. வழியெல்லாம் தப்பித்து வந்து, வாசலில் பத்தடியில் தோற்றுவிட்டேன். கண்ணாடியில் மாமியார் எங்களை நோக்கி நடந்து வருவது தெரிந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

மாமியார் ஜன்னல் அருகில் வந்தார். ஸ்டீயரிங்மேல் கிடந்த கவுனைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் ஆ கூவைக் கேட்டார்.

"கீரைக்காரன் சொன்னான். வண்டி பின்னால போச்சா?"

"ஓர் அங்குலம்கூடப் போகல" என்றார் ஆ கூ. "ஆறு பொண்ணுங்க வண்டியத் தூக்கிப் பிடிச்சாங்க, பின்னால எடுக்கக் கூடாதுன்னு. இவதான் யோசன சொன்னா. இவதான் ஓட்டிட்டு வந்தா. ஒன் வீட்டு டிரைவர் என்னக் கொன்னிருப்பான், இவ கொண்டுவந்து சேத்தா."

மாமியார் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். முதல் முறையாக. மை கரைந்து வழிந்துகொண்டிருந்த முகம்.

"பின்னால எடுக்கக் கூடாதுன்னுதான் தூக்குனீங்களா?"

"ஆமாம்மா" என்றேன். "அம்மா, என் கால் வழுக்கிருச்சு. மன்னிச்சுக்கங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்தெட்டு. திரும்பினார். முப்பது வருஷம் வேலையாட்களை விரட்டிய குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"என்ன வேடிக்க பாக்குறீங்க? அவ பின்னால வரக் கூடாது. அப்ப நாம முன்னால போகணும். கம்பளத்தப் பிடிங்க!"

யாருக்கும் புரிவதற்குள் அவரே குனிந்து கம்பளத்தின் முனையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். மெரூன் பட்டுச் சட்டை, கையில் தங்க வளையல், கடைசியாக எப்போது அவர் கடைக்கு வெளியே குனிந்தார் என்று தெருவுக்கே தெரியாது. சின்னப்பன் அண்ணன் கீரையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். லாய் பெங் பின்தட்டிலிருந்து குதித்தாள். "முட்டை... கோஸ்!" என்று யாரோ கத்த, பேங்க்காரர்களும் சேர்ந்துகொள்ள, கம்பளம் நெளிந்து நெளிந்து பத்தடி நகர்ந்து என் கதவருகில் வந்து நின்றது. மறுமுனையில் வாசற்படிக்கு முன்னால் பத்தடி வெறும் தரை. மாமியார் அதையும் விடவில்லை. வீட்டோடு ஒட்டியிருந்த கடையில் உரமூட்டைக்கு வைத்திருந்த புதுச் சாக்குகளை எடுத்து வரச் சொல்லி வரிசையாக விரித்தார்.

தியாம் சோய் கதவைத் திறந்தான். மாமியார் கையை நீட்டினார். பிடித்தேன். அந்தக் கையும் காய்த்துத்தான் இருந்தது. முப்பது வருஷம் கயிறு அளந்த கை. மூன்று தடவையும் அவர் எதைப் பார்த்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பதினோரு மணி அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது உரச் சாக்குமேல் நடந்து அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன்.

பதினான்கு வருஷமாகிவிட்டது. கஞ்சி அடிப்பிடித்திருக்கிறது, கடையில் எலி புகுந்திருக்கிறது, ஒரு வருஷம் வெள்ளத்தில் பாதி உரம் கரைந்தே போனது. நானும் மாமியாரும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம். என் வாயும் சும்மா இருக்காது, அவர் வாயும் சும்மா இருக்காது. ஒரு முறை கோபத்தில் நான் பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். அவர் கடையை விட்டு வந்து, வாசலில் ஒரு புதுச் சாக்கை விரித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "போறதுன்னா போ. நானும் வண்டியில ஏறிக்கிறேன்" என்றார்.

பெட்டியை உள்ளே வைத்துவிட்டேன்.